பால் தூக்கில் வந்த கூழ்

திருமுல்லைவாயிலில் இந்த வீட்டை நாங்கள் பிடித்ததே பாலுக்காகத்தான். வீடு பார்க்க வந்த அன்று என் மனைவி அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பால்கனியில் நின்று, எதிர் வீட்டு வாசலில் கட்டியிருந்த இரண்டு கறவை மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழந்தை பிறந்தா கண்ணெதிர்ல கறந்த பால் கிடைக்கும்ங்க, இதையே முடிச்சிடலாம்" என்றாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சித்தான் குடி வந்தோம். பிறந்த மகளுக்குப் பால்தான் ஆகாது என்று தெரிந்தபோது வீட்டைக் காலி செய்கிற தெம்புகூட எங்களுக்கு இல்லை. இன்று இதைச் சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்குச் சில வருஷங்கள் பிடித்தன.

மகளுக்கு ஏழெட்டு மாதம் ஆனபோது, பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, பாலாடையில் புகட்டினோம். பாலாடை காலியாவதற்குள் அவள் உதடு வீங்கியது. பிறகு வயிறும் முதுகும் தடித்துச் சிவந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆட்டோ அம்பத்தூர் போய்ச் சேரும் வரை அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த வழியாகப் போனோம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு மூச்சு சீரானது. பால் ஒவ்வாமை, அதிலும் கடுமையான வகை என்றார் டாக்டர். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது, அவை பட்ட கரண்டிகூடக் கூடாது. வளர வளரச் சில குழந்தைகளுக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது, பார்ப்போம் என்றார்.

அவசரத்துக்கு என்று ஊசி மருந்து எழுதிக் கொடுத்து, அதைத் தொடையில் எப்படிப் போடுவது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். நானும் மனைவியும் சிரிஞ்சில் வெறும் தண்ணீரை ஏற்றி, சாத்துக்குடியைக் குத்திக் குத்திப் பழகினோம். அவளுக்குக் கை நடுங்காது, எனக்கு நடுங்கும். ஆனாலும் மருந்துப் பை பெரும்பாலும் என் தோளில்தான் தொங்குகிறது. அவள் தினமும் பூந்தமல்லிப் பக்கம் வேலைக்குப் போகிறவள். நான் வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பளம் வாங்குகிறவன்.

ஒரு தமிழ் வீட்டிலிருந்து பாலை வெளியே அனுப்பிப் பார்த்தால்தான் அது எங்கெங்கே குடியிருந்தது என்று தெரியும். பொங்கலில் நெய், பருப்பில் நெய், சாம்பார் சாதத்தின் தலையில் இன்னொரு கரண்டி நெய். காய்ச்சல் வந்தால் பாலும் பன்னும். கல்யாண வீட்டில் இலையின் ஓரத்து இனிப்பில் தொடங்கி கடைசி மோர் வரை அதே கதை. கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்து எறும்பு எழுத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி நான் படித்துக்கொண்டிருந்தால், கடைக்காரர் பரிதாபப்பட்டு, "தேதி மேல கீது சார்" என்று காட்டிக் கொடுப்பார். ஸ்வீட் கடையில் ஒருவர், "பாலே கிடையாது சார், கோவா மட்டும்தான் போட்டிருக்கோம்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

வீட்டுக்குள் நாங்கள் பழகிவிட்டோம். காபி கறுப்பாகிவிட்டது. பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் வந்தது. தயிர் சாதம் இருந்த இடத்தில் எலுமிச்சை சாதம் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் நாங்கள் நன்றாகவே சாப்பிட்டோம். என் மனைவி தேங்காய்ப் பாலில் வைக்கிற சொதிக்காகவே சொந்தக்காரர்கள் வருவார்கள், நான் அவர்கள் பைகளை வாசலிலேயே சோதனை போடுவேன். எனக்கு அப்போது நல்ல பெயர் கிடையாது.

வெளி உலகத்தோடுதான் எனக்குச் சண்டை. "கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். இந்த ஒண்ணும் ஆகாதுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள், என் சொந்த மாமா உட்பட. அவர் என் மகள் கையில் ஒரு மைசூர்பாகைத் திணிக்கப் பார்த்தபோது நான் அதைப் பிடுங்கிய வேகத்தில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா அப்புறம் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை, எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

எதிர் வீட்டு அக்காவும் முதலில் அந்தக் கட்சிதான். அவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். எங்கள் அடுக்குமாடி நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவர்கள் நெல் விதைத்த நிலம். இப்போது அவர் கணவர் ஆவடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அக்கா அந்த இரண்டு மாடுகளை விடாமல் வைத்துக்கொண்டு தெருவுக்குப் பால் ஊற்றுகிறார். நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று நான் போய்ச் சொன்னபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாபா சொல்ற? பாலு ஒத்துக்காதா? பாலு குடிக்காத கொயந்தைன்னு ஒலகத்துல எங்கனா கீதா? நான் ஒரு சொட்டு தண்ணி கலக்கறதில்ல, தெரிம்ல?"

குற்றம் மாட்டின் மேல் இல்லை என்று நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் நம்பவில்லை. எங்களைத் தெற்கேயிருந்து வந்து ஏதோ புதுசாகச் சொல்கிற ஜனங்கள் என்றே நினைத்தார்.

அவரை நம்பவைத்தது அவர் கையேதான். மகளுக்கு மூன்று வயது முடிந்த பிறந்தநாள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்போதுதான் கறந்து முடித்து வந்த அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என் கண்ணே பட்டுடும்" என்று இரண்டு கன்னங்களையும் மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை முறித்தார். படபடவென்று நல்ல சத்தம். நான் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வருவதற்குள் மகளின் கன்னங்களில் அவர் விரல்கள் அப்படியே தடிப்பாக எழுந்துவிட்டன. எது ஆள்காட்டி விரல், எது நடுவிரல் என்று சொல்லிவிடலாம். முகத்தைக் கழுவி மருந்து கொடுத்ததில் கொஞ்ச நேரத்தில் தணிந்தது, ஊசி வரைக்கும் போகவில்லை. அது தணிகிற வரை அக்கா எங்கள் வீட்டுப் படியை விட்டு எழவில்லை. மகளின் கன்னத்தையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபிறகு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் என் மகளைத் தொட்டதில்லை. கழுவியபின் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாரு" என்பார். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் கன்னத்தைக் கிள்ளுவார். தெருவில் யாராவது அவளிடம் மிட்டாயை நீட்டினால், மாட்டுக் கொட்டகையிலிருந்தே, "ஏய், அந்தக் கொயந்தைக்கு இன்னாத்த குடுக்கற நீ?" என்று குரல் வரும். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார். மகள் அவரைப் பெரிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் போனதும் மகளே தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழகினாள். யார் எதை நீட்டினாலும், "இதுல பால் தயிர் மோர் வெண்ணெய் நெய் இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்பாள். வகுப்பில் பிறந்தநாளுக்குக் கொடுக்கிற சாக்லேட்டை வாங்கி, பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவாள். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் என் பேன்ட்கள் எதுவும் எனக்குச் சேரவில்லை. ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கேட்பதற்குக் கூச்சம் வருகிற வயசு ஒன்று வருமே. பிரியமான ஒருவர், நாலு பேர் எதிரில், ஆசையாக ஒன்றைக் கொடுக்கும்போது, அவர் மனசு நோகக்கூடாது என்று கேட்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுவிட்டால்? முரட்டு மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பெரிம்மாவிடம் எப்படிச் சொல்வாள்?

எங்கள் தெருமுனையில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூழ் ஊற்றுவார்கள். அடுப்புப் பற்றவைக்கிற உரிமை அக்கா குடும்பத்துக்கு. சனிக்கிழமை சாயங்காலம் செங்கல் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, புளிக்க வைத்த கேழ்வரகு மாவையும் நொய்யையும் போட்டுத் துடுப்பால் கிண்டுவார்கள். மறுநாள் காலையில் அதைக் கரைத்து, மோரை ஊற்றி, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டு, அம்மனுக்குப் படைத்துவிட்டுத் தெருவுக்கு ஊற்றுவார்கள். தூக்கு, சொம்பு, தண்ணீர் பாட்டில் என்று கையில் கிடைத்ததோடு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எங்கள் அடுக்குமாடிக்காரர்கள்கூட லுங்கியோடு இறங்கிப் போவார்கள். நாங்கள் மட்டும் அன்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மகளை வேறு எங்காவது கூட்டிப் போய்விடுவோம்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவள் வர மாட்டேன் என்றாள்.

"கூழுன்னா கேழ்வரகுதானேப்பா? நான்தான் கேழ்வரகு தோசை சாப்பிடறேனே. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வரிசையில நிப்பாங்க. நானும் நிக்கணும்."

மோர் ஊற்றுவார்கள் என்று சொன்னேன். ஊற்றுவதற்கு முன்னால் வாங்கிக்கொண்டால் என்ன என்றாள். அக்காவிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தினி வருசமா இதான் எனக்கும் மனசுல உறுத்திக்கினே கீதுபா. ஊருக்கே ஊத்தறேன், எதிர் ஊட்டுக் கொயந்தைக்கு ஒரு வாய் குடுக்க முடியல. மோரு கலக்கறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடறேன். கரண்டி புதுசு வாங்கறேன். பாத்திரமும் தனி, பளபளன்னு கீது. நீ கம்முனு இரு."

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கையில் தன் டம்ளரோடு வரிசையில் நின்றாள். நான் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றேன். மைக் செட் அலறியது. வேப்பிலை கட்டிய பந்தலில் அக்கா தலைக்குக் குளித்து மஞ்சள் புடவையில் நின்றிருந்தார். எங்கள் முறை வந்ததும் பின்னால் திரும்பி, துணி போட்டு மூடி வைத்திருந்த ஒரு தூக்கை எடுத்தார். அதைத் திறக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். மகள் டம்ளரை நீட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு சொட்டு மோரு படல கண்ணு. புதுக் கரண்டி, பாரு."

"இந்தத் தூக்கு எது பெரிம்மா?"

"நம்ம பால் தூக்கு கண்ணு," என்றார் அக்கா பெருமையாக. "புளி போட்டுத் தேச்சு, சுடுதண்ணி ஊத்தி அலசி வெச்சிக்கீறேன். நம்ம ஊட்லயே இதான் சுத்தமான பாத்திரம்."

மகள் டம்ளரை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "எனக்கு வேணாம் பெரிம்மா. அதுல பால் இருந்திருக்கு." மெதுவாகத்தான் சொன்னாள். மைக் செட்டையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "ஆத்தா கூழை வேணாம்னு சொல்லக்கூடாதும்மா. ஒரு வாய் குடி, ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்குக் காது சூடாகி நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நீ சும்மா இருய்யா. அதுக்கு ஆகாதுன்னா ஆகாது." சொல்லிவிட்டுத் தூக்கின் விளிம்பைப் பார்த்தார். தகடு மடிந்து இடுக்காக இருக்கிற இடம் அது. அங்கே விரலை ஓட்டி முகர்ந்தார்.

"ஆமாம்பா," என்றார் என்னிடம். "வாசன கீது."

பால்காரர் வீட்டில் மற்றப் பாத்திரங்களைக் கழுவுவார்கள், பால் பாத்திரத்தைத்தான் தேய்த்துத் தேய்த்து வைப்பார்கள். ஆசையாக ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த வீட்டில் வேறெந்தப் பாத்திரத்தில் கை போகும்? எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. அக்காவின் கண் நிறைந்துவிட்டது, முந்தானையை எடுத்தார். மகள்தான் அவரைத் தேற்றினாள். "அழாதீங்க பெரிம்மா. அடுத்த வருஷம் எங்க வீட்டுக் குக்கரைத் தரேன்."

அன்று மகள் வெறும் டம்ளரோடு வீட்டுக்கு வந்தாள். படியேறும்போது, "நான் சொன்னது தப்பாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு அவ்வளவு வருத்தம், அதைவிட அதிகமாகச் சந்தோஷம். எந்தக் கட்டத்துக்கு நான் வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேனோ அதை அவள் என் கண்ணெதிரிலேயே தாண்டிவிட்டாள். இனிமேல் நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கேட்பாள். மனைவியிடம் சொன்னபோது அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு கேழ்வரகு தோசை வார்த்தாள்.

அடுத்த ஆடியில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "பாப்பா, உங்க ஊட்டு குக்கரு எங்க?"

ஒரு வருஷமாக அவர் அதை மறக்கவில்லை. எங்கள் குக்கர், எங்கள் கரண்டி, எங்கள் வீட்டில் புளிக்க வைத்த மாவு. பெரிய அண்டாவுக்குப் பக்கத்திலேயே மூன்று செங்கல் வைத்து அதற்கென்று ஒரு குட்டி அடுப்பு மூட்டினார். மகளே கிண்டினாள், அக்கா தள்ளி நின்று, "அடி பிடிக்கும், விடாத, விடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மோர் கேன்களைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் கணவர் காவலுக்கு நின்றார். எங்கள் குக்கரும் அண்டாவோடு சேர்ந்து அம்மனுக்கு முன்னால் வேப்பிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மொதல்ல பாப்பா குடிக்கட்டும்," என்றார் அக்கா கூட்டத்தைப் பார்த்து. "அப்பால மோர ஊத்தலாம்."

வரிசை முழுக்கப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. போன வருஷப் பெரியவரும் நின்றார். "மெதுவா குடிம்மா, அவசரம் இல்ல" என்றார். எனக்கு அவரைக்கூடப் பிடித்துப்போனது.

மகள் அப்போதும் ஒரே மூச்சில் கேள்வியைக் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அவர் எங்கள் கரண்டியால் ஊற்ற, அவள் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். நானும் மனைவியும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கை தானாக மருந்துப் பையின் ஜிப்பில் இருந்தது. அவள் விழுங்கினாள். முகம் கோணியது. என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"அப்பா, நல்லாவே இல்ல."

"என்னது?"

"புடிக்கல. எனக்கு வேணாம்."

வெங்காயமும் மோரும் இல்லாத, உப்பு மட்டும் போட்ட கேழ்வரகுக் கூழ். வேறு எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீட்டில் அவள் கத்தரிக்காயை ஒதுக்குவாள், அது வேறு. வெளியே அவள் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் அதுவரை ஆகாது என்பதற்காகத்தான். நன்றாக இல்லை என்பதற்காக ஒரு சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்கிற அதிர்ஷ்டம் அவளுக்கு அன்றைக்குத்தான் முதலில் வாய்த்தது.

நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து அக்கா பதறிவிட்டார். "இன்னாபா ஆச்சு? தடிக்குதா?"

"இல்லக்கா. புடிக்கலையாம்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி, ஊரையே நிக்க வெச்சிட்டு புடிக்கலையா ஒனக்கு?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மகளின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். அக்கா அவள் கன்னங்களை வழித்து நெற்றிப்பொட்டில் வைத்து முறித்துவிட்டு, கணவரைப் பார்த்து, "மோர எட்தாய்யா" என்றார்.

மகள் சிநேகிதிகளைத் தேடி ஓடிவிட்டாள். டம்ளரில் இருந்த மிச்சத்தை நான் குடித்தேன். அவள் சொன்னது சரிதான், நன்றாகவே இல்லை.